மண்ணில் ஏறிய நஞ்சு யாருடைய வினை?



நோய் என்றதும் "அவரவர் செய்த வினை, அனுபவித்துத் தீர வேண்டும்" என்று கூறி வாய் மூடும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. பஞ்சசீலம் ஏற்று மூன்று தலைமுறை கண்ட குடும்பங்களிலும் இச்சொல் காதில் விழுகின்றது. பழைய மதத்தின் வாசற்படியைக் கடந்து வந்தபோது காலில் ஒட்டிக்கொண்டு வந்த மண் இது. இம்மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தால் ஒழிய, இன்று யான் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் நோயின் காரணம் ஒருவருக்கும் புலப்படாது. கைவிடப்பட்ட சுரங்கங்களை அடுத்த நிலத்தில் விளைந்த தானியத்தையும் கீரையையும் உண்டு வரும் நோயைப் பற்றியே பேசுகிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு சுரங்கத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். தமிழ்ப் பௌத்தர்க்கும் சுரங்கத்துக்கும் உள்ள உறவு இரத்த உறவாகும். 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிய பண்டிதர் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையில் நிறுவிய சங்கத்துக்கு வலுவான கிளைகள் தழைத்த இடம் கோலார் தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பூமிக்குள் இறங்கி வேலை செய்த நம் முன்னோர் தம் கூலியிலிருந்து மிச்சம் பிடித்த காசால்தான் விகாரையும் பாடசாலையும் அச்சகமும் நடந்தன. பண்டிதர் 1914இல் மறைந்த பின் அவருடைய நூல்கள் அழியாமல் நின்றதும், "தமிழன்" இதழ் ஜி. அப்பாதுரையார் கையில் மறுபடி உயிர் பெற்றதும் அந்த மண்ணிலேதான். ஆகவே தங்கவயலின் மண்ணுக்கு நேர்ந்தது நமக்கு நேர்ந்ததாகும்.

1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தோண்டினர். பின்னர் அது அரசுடைமையாயிற்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை மனிதர் இறங்கினர். ஏறத்தாழ 800 டன் பொன் வெளியே வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, தொழிலாளர் பிழைப்புத் தேடி இரயிலேறினர், போகாமல் நின்றவை பதின்மூன்று மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சக்கை அது. மூன்று கோடி டன்னுக்கும் அதிகம். ஊரார் அதனைச் "சயனைடு மேடு" என்பர். காற்றுப் பருவத்தில் அந்த மாவு பறந்து வீட்டுக் கூரையிலும் குளத்திலும் கொல்லையிலும் படிகின்றது. மழையில் கரைந்து ஓடையில் இறங்குகின்றது.

சயனைடு என்ற பெயர் எல்லாரையும் அச்சுறுத்துகின்றது. ஆனால் சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பெரும்பகுதி சிதைந்து போகும். சிதையாதவை வேறு. பொன் உள்ள பாறையில் ஆர்செனிக் கலந்த கனிமங்கள் உடனிருப்பது உலகெங்கும் காணப்படுவது. நம் வைத்தியர் பாடாணம் என்பது இதன் இனத்தையே. ஈயமும் துத்தநாகமும் காட்மியமும் இவ்வாறே வெவ்வேறு சுரங்கங்களில் வெவ்வேறு அளவில் சேர்ந்து வரும். பாறைக்குள் கட்டுண்டு கிடந்த வரை இவற்றால் எவருக்கும் தீங்கில்லை. அரைத்து மாவாக்கி வெயிலிலும் மழையிலும் போட்டபோதுதான் இவை நடமாடத் தொடங்குகின்றன. தோன்றியவை யாவும் அழியும் என்பது நம் அறம். ஆயினும் உலோகம் அழிவதை மனிதன் தன் ஆயுளில் காணப்போவதில்லை. அதற்கு இடமாற்றம் ஒன்றே உண்டு: பாறையிலிருந்து மண், மண்ணிலிருந்து வேர், வேரிலிருந்து இலை, இலையிலிருந்து நம் சிறுநீரகம். காட்மியம் அங்கே சேர்ந்தால் பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகியும் பாதி கூட வெளியேறாது என்கின்றனர் வைத்திய நூலார்.

இதில் வஞ்சகம் யாதெனில், செடி வாடுவதில்லை. மனிதனைக் கெடுக்கும் அளவு காட்மியம் ஏறிய கீரையும் பசுமையாகத் தளதளவென்று நிற்கும். நெல்லும் மணி பிடிக்கும். உலக நாடுகள் சேர்ந்து வகுத்த கோடெக்ஸ் உணவுத் தரம், ஒரு கிலோ தீட்டிய அரிசியில் காட்மியம் 0.4 மில்லிகிராமைக் கடக்கலாகாது என்கிறது. ஓர் அரிசிமணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம். அந்த மணியை ஐம்பது கூறாக்கி, அதில் ஒரு கூறு! எந்தக் கண் அதைக் காணும்? எந்த நாக்கு அறியும்? வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது.

இனி, ஜப்பான் தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். அந்நாடும் புத்தரை வணங்கும் நாடே. தொயாமா மாவட்டத்தில் ஜின்சு என்னும் ஆறு பாய்கிறது. அதன் மேற்கரைப் பகுதியில், அடுத்த மாவட்டமான கிபுவில், கமியோகா என்ற துத்தநாக, ஈயச் சுரங்கம் இருந்தது. மிட்சுயி கம்பெனிக்கு உரியது. சுரங்கக் கழிவு ஆற்றில் இறங்கியது, ஆற்று நீர் வயலில் பாய்ந்தது, வயல் நெல்லை உழவர் உண்டனர். சில பத்தாண்டுகளில் அந்த ஊர்ப் பெண்களின் எலும்புகள் மென்மையாகி, இருமினால் கூட முறியத் தொடங்கின. ஒரே உடலில் எழுபதுக்கும் மேற்பட்ட முறிவுகள் கண்டதாக வைத்தியக் குறிப்பு உண்டு. பலர் உயரத்தில் ஒரு சாண் குறைந்து போயினர். "இதாய், இதாய்" என்று அவர்கள் முனகியதே நோய்க்குப் பெயராயிற்று. வலிக்கிறது, வலிக்கிறது என்பது அதன் பொருள்.

நாற்பது வயது கடந்த, பல பிள்ளைகளைப் பெற்ற பெண்களையே அது பெரிதும் பற்றியது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் காட்மியத்தை மிகுதியாக உறிஞ்சும் என்பது இன்று அறிந்த காரணம். அதாவது, வீட்டில் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ட தாய்க்கே நஞ்சு அதிகம் சேர்ந்தது. ஊரார் அன்று சொன்ன காரணம் என்ன தெரியுமா? முன்வினை நோய்! புத்தரின் பெயரைச் சொல்லியே அப்பெண்களை அவ்வாறு பழித்தனர். குடும்பத்தார் வெட்கி அவர்களை உள்ளறையில் மறைத்து வைத்தனர். வினை வினை என்று ஊர் முணுமுணுத்த அத்தனை ஆண்டும் கம்பெனியின் கழிவு ஆற்றில் ஓடிக்கொண்டிருந்தது.

அவ்வூர் வைத்தியர் ஹகினோ நொபொரு, போர் முடிந்து ஊர் திரும்பி, இந்நோயாளிகள் யாவரும் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்ததை உண்டவர் என்பதைக் கவனித்தார். 1957இல் சுரங்கக் கழிவே காரணம் என்று துணிந்து கூறினார், பரிகசிக்கப்பட்டார். பின்னர் ஆராய்ச்சியாளர் துணையுடன் காட்மியத்தைக் காட்டினார். 1968இல் அரசாங்கம் அதை ஒப்புக்கொண்டது. நோயாளிகள் தொடுத்த வழக்கில் 1971இல் மாவட்ட நீதிமன்றமும் 1972இல் மேல் நீதிமன்றமும் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. அரசு பதிவு செய்த நோயாளிகள் சுமார் 200 பேர். வயல்களின் மண்ணை மாற்றும் வேலை 2012இல்தான் முடிந்தது. தீர்ப்புக்கும் சுத்தமான வயலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்!

இவ்விடத்தில் நம் அறநூல் சொல்வதைப் பார்ப்போம். மோலிய சீவகர் என்ற பரதேசி பகவன் புத்தரை அணுகி, மனிதன் துய்க்கும் இன்ப துன்பம் யாவும் முன்செய்த வினையால் வருவன என்று சில சமணரும் பிராமணரும் உரைக்கின்றனரே, அது சரியா என்று வினவினார். சரியன்று என்றே பகவன் விடை பகர்ந்தார். பித்தத்தால் வரும் நோய் உண்டு. சிலேத்துமத்தால், வாதத்தால், இம்மூன்றின் கூட்டால் வருவன உண்டு. பருவ மாறுதலால் வருவது உண்டு. தன்னைச் சரிவரப் பேணாததால் வருவது உண்டு. பிறர் செய்யும் தாக்குதலால் வருவது உண்டு. எட்டாவதாகவே வினையின் பயனாய் வருவது உண்டு என்று எண்ணிக் காட்டினார். எட்டில் ஒன்றை எட்டும் ஆக்குவோர் கண்கூடாகத் தெரிவதையும் உலகம் ஒப்புவதையும் கடந்து பேசுகின்றனர் என்பது அவர் கூற்று. சம்யுத்த நிகாயத்தில் இது உள்ளது. தங்கவயல் மேட்டின் தூசி படிந்த கீரையை உண்டு நோயுற்றவளை எந்த வகுப்பில் சேர்ப்பது? பிறர் செய்ததால் வந்தது என்பதில்தான். அவளுடைய முற்பிறப்பை விசாரிக்க வேண்டா. மேட்டைக் கொட்டியவர் கணக்கை விசாரித்தால் போதும்.

ஆனால் இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. எண்ணமே வினை என்றார் ததாகதர். மேட்டைக் கொட்டியவருக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததா? இல்லை. நம் பாட்டன்மாரும் தள்ளுவண்டியில் அச்சக்கையைத் தள்ளியவர்களே. எண்ணமில்லாத இடத்தில் வினையில்லை என்று எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடலாமா?

வினய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. பிட்சைக்குச் சென்ற ஒரு பிக்கு, ஒரு வீட்டில் ஆசனத்தின்மீது துணியால் மூடிக் கிடத்தியிருந்த குழந்தையை அறியாமல் அதன்மேல் அமர்ந்தார். குழந்தை இறந்தது. நடுநடுங்கிப் பகவனிடம் வந்தார். கொல்லும் எண்ணம் இல்லாமையால் சங்கத்தினின்று நீக்கும் பாராஜிகக் குற்றம் அவருக்கு இல்லையென்று பகவன் தீர்த்தார். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. இனி எவரும் ஆசனத்தைப் பாராமல் அமரலாகாது, அமர்ந்தால் துக்கடம் என்னும் குற்றமாம் என்று விதித்தார். யான் வினயத்தில் படித்தவற்றுள் இதைப் போல் என்னை நிறுத்தி வைத்தது வேறில்லை. எண்ணத்தின் குற்றம் ஒன்று, பாராமையின் குற்றம் வேறொன்று. ஒருமுறை குழந்தை இறந்தது தெரிந்த பின், "தெரியாது" என்ற சொல்லுக்குப் பழைய மதிப்புக் கிடையாது.

இந்த அளவுகோலைக் கொண்டு பாருங்கள். 1880இல் தோண்ட வந்தவன் பாராமல் அமர்ந்தான்; அன்று பார்க்கும் கருவியும் இல்லை. 1968இல் ஜப்பான் அரசு ஒப்புக்கொண்ட பின், உலகில் எந்தச் சுரங்கத்து எசமானும் ஆசனத்தில் குழந்தை இருக்கக்கூடும் என்பதை அறியான் என்பதற்கில்லை. தங்கவயல் மூடப்பட்டது அதற்கு முப்பத்து மூன்று ஆண்டு கழித்து. கமியோகாவும் அதே 2001இல் தோண்டுவதை நிறுத்தியது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இவ்விரு சுரங்கங்களின் ஆழத்திலும் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடினர். வளிமண்டலத்தில் பிறக்கும் அத்துகளைக் கோலாரில் 1965இலேயே கண்டனர். எதையும் ஊடுருவிச் செல்லும் துகளை எண்ணத் தெரிந்த தேசத்துக்கு, வாசலில் கிடக்கும் மேட்டின் தூசியில் என்ன இருக்கிறது என்று எண்ணுவது அரிதான காரியமா?

நாகசேனரிடம் மிலிந்த மன்னர் கேட்டாராம்: அறிந்து பாவம் செய்பவன், அறியாமல் செய்பவன், இருவரில் எவனுக்குத் தீங்கு பெரிது? பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையை அறியாமல் பற்றுபவன் கைதான் அதிகம் வேகும் என்றார் நாகசேனர். குற்றம் குறைவதால் சூடு குறைவதில்லை. வினயக் கதையோடு இதையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும்: பார்த்தறிவது நம் விருப்பமன்று, கடமை.

சென்ற வைகாசிப் பௌர்ணமியன்று அறவுரை முடிந்தபின் ஓர் உபாசகி எழுந்தார். தங்கவயலில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். "அய்யா, மேட்டுக்கு அடுத்த துண்டு நிலத்தில் என் தம்பி கீரையும் ராகியும் போட்டுத்தான் பிழைக்கிறான். நஞ்சு விற்பது ஆகாத தொழில் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் என் தம்பி நஞ்சு வியாபாரியா?" என்றார். கூடத்தில் பேச்சொலி அடங்கிவிட்டது. ஆயுதம், உயிர், ஊன், மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிபமும் உபாசகனுக்கு ஆகாதென்பது உண்மை. புத்தகத்தைப் பார்த்து ஆம் என்பதும், இரக்கத்தைப் பார்த்து இல்லை என்பதும் இரண்டுமே எளிது.

"அம்மா, உங்கள் தம்பி வீட்டில் எந்தக் கீரையை உண்கிறார்?" என்று கேட்டேன். "அதையேதான்" என்றார். தன் பிள்ளைக்கு ஊட்டுவதையே சந்தைக்கும் கொண்டுபோகிறவன் நஞ்சு வியாபாரியல்லன். நஞ்சுண்டவர்களில் முதல்வன் அவன். நாளை ஒருவன் பரிசோதனை செய்து, இம்மண்ணில் இவ்வளவு ஆர்செனிக், இவ்வளவு ஈயம் என்று எழுதிக் கொடுத்த பின், தன் வீட்டுக்கு வேறு கடையில் கீரை வாங்கிக்கொண்டு, கொல்லைக் கீரையைச் சந்தைக்கு அனுப்பினால், அன்று அவன் கடக்கும் கோடு ஒன்றுண்டு. தனக்கு இன்னாதது பிறர்க்கும் இன்னாது என்று வேளுத்துவார ஊராருக்குப் பகவன் காட்டிய கோடு அது.

இத்தோடு விட்டால் அறவுரை நிறைவு பெறும். அந்தக் குடும்பத்தின் வயிறு நிறையாது. பரிசோதித்தால் கீரை விலை போகாது, பரிசோதிக்காவிட்டால் உடம்பு போகும். ஏழையை இந்த இடுக்கில் நிறுத்திவிட்டு அவனிடம் நல்லொழுக்கம் கேட்பது நியாயமாகாது. யான் ஆலையில் உழைத்த காலத்தில், கழிவு எங்கே போகிறது என்று கேட்ட தொழிலாளிக்கு உன் எந்திரத்தைப் பார் என்பதே விடை. சக்கையால் இலாபம் கண்டவர் ஓரிடம், சக்கையை உண்பவர் வேறிடம், பழி மட்டும் உண்பவர் தலையில் என்பது எந்தத் தொழிலிலும் உள்ள ஏற்பாடு. ஆகவே அறியும் செலவும், அறிந்தபின் வரும் நட்டமும், மேட்டுக்கு உடையவரான அரசைச் சேரவேண்டும். கமியோகா வழக்கு முடிந்தபின் ஜின்சுக் கரை உழவர் பெற்ற உடன்படிக்கையில், தாங்கள் விரும்பியபோது நிபுணர்களை அழைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் சென்று சோதிக்கும் உரிமையும், அச்செலவைக் கம்பெனியே ஏற்கும் கடமையும் இருந்தன. பணத்தைவிட அந்த உரிமையையே யான் பெரிதென மதிக்கிறேன்.

நம் கொச்சியும் இதற்கு வெளியே இல்லை. பெரியாற்றங்கரையில் ஏலூர், எடையார் தொழிற்பேட்டை இங்கிருந்து கூப்பிடு தூரம் அல்லாவிடினும் அதே காயலின் கரைதான். பினானிபுரத்தில் துத்தநாக உருக்காலை 1967இல் தொடங்கி, 2014இல் நின்றது. துத்தநாகத் தாதுவோடு காட்மியம் வருவதைக் கமியோகா காட்டிற்று. காயலின் சேற்றில் துத்தநாகமும் காட்மியமும் மிகுந்திருப்பதைக் கடலாய்வாளர் பலமுறை அளந்துள்ளனர். 2004இல் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு ஏலூர் வந்து பார்வையிட்டது. 2024 மே மாதத்தில் அங்கே மீன்கள் செத்து மிதந்தபோது காரணம் யாதென்று வழக்காடினர். சேற்றில் உள்ளது வேலி ஏற்ற வெள்ளத்தோடு பொக்காளி வயலுக்கு ஏறுகிறதா என்பதை ஆண்டுதோறும் அளந்து, ஊராட்சிப் பலகையில் எழுதிவைப்பதுதான் முறை.

இனி, இத்தகைய நிலத்தில் வாழ்வோர் செய்யக்கூடியவை சில. கீரை வகைகள் காட்மியத்தை மிகுதியாக இழுக்கும், ஆகவே சந்தேகமுள்ள மண்ணில் முதலில் கீரையை நிறுத்துக. கனிகளில் பொதுவாக அது குறைவு. பூச்செடியும் மரமும் போட்டால் உண்பார்க்குத் தீங்கில்லை. ஈயம் பெரும்பாலும் தூசியாக இலைமேல் படிவது, கழுவினால் ஒரு பங்கு போகும். இலைக்குள் ஏறிய காட்மியம் கழுவலுக்கு அசையாது. புளித்த மண்ணில் சுண்ணாம்பு இட்டால் காட்மியம் வேருக்கு எளிதில் கிட்டாது. நெல்வயலில் ஒரு சங்கடம் உண்டு: நீர் தேங்கி நின்றால் காட்மியம் அடங்கும், ஆர்செனிக் எழும், நீரை வடித்துக் காயவிட்டால் ஆர்செனிக் அடங்கும், காட்மியம் எழும். எது மிகுந்த மண் என்று அறியாமல் உபாயம் சொல்வது குருடன் வழிகாட்டுவது. நல்ல நீரை மிகுதியாக விட்டுச் சோற்றை வடித்தால் ஆர்செனிக்கில் ஒரு பகுதி கஞ்சியோடு போகும்; அந்தக் கஞ்சியையே குடிக்கும் நம் வீடுகளுக்கு இதுவும் பயனில்லை! பெண்களும் குழந்தைகளும் இரும்புச் சத்துள்ள உணவைத் தேடி உண்ண வேண்டும். வீட்டில் தாய் கடைசியில் உண்ணும் வழக்கத்தை இவ்வொரு காரணத்துக்காகவேனும் விட்டொழியுங்கள். உலோகம் நஞ்சென்பது தமிழனுக்குப் புதிய செய்தியன்று. இரசத்தையும் பாடாணத்தையும் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கலாகாது என்பது சித்த வைத்தியத்தின் முதற்பாடம்; நம் பண்டிதரும் சித்த வைத்தியரே.

இராகுலருக்குப் பகவன் உபதேசித்தபோது, ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்து முடித்த பின்னும் அது தனக்கோ பிறர்க்கோ துன்பமாகிறதா என்று திரும்பத் திரும்ப நோக்கச் சொன்னார். செய்து முடித்த பின்னும் என்பதைச் சுரங்கத்தார் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அதற்கு ஒரு தருணம் வாய்த்திருக்கிறது. மேடுகளில் எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்க, அம்மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. நூறாண்டு படிந்து கிடந்த மாவு மறுபடியும் கிளறப்படும் என்பது இதன் பொருள். கிளறுவதற்கு முன்பே சுற்றுவட்டாரத்துக் கிணறு, வயல், கீரைப்பாத்தி ஒவ்வொன்றின் அளவும் எடுத்து எழுதப்பட்டு ஊரார் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். இல்லையேல் பின்னர் நோய் கண்டபோது, இது முன்பே இருந்த நஞ்சு என்று ஒருவரும், பின்பு வந்தது என்று ஒருவரும் வாதாடுவர். வழக்கு முடியுமுன் நோயாளி முடிந்துபோவாள். ஆகவே தங்கவயலில் உறவினர் உள்ள உபாசகர் யாவரும் இந்த வேண்டுகோளைக் கோலார் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தனித்தனியே கையொப்பமிட்டு அனுப்புக. விண்ணப்பத்தின் மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். பௌர்ணமிக் கூட்டத்துக்கு வருவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். அந்த உபாசகியின் தம்பிக்கு முதற்பிரதி போயிற்று.